ரெண்டு விரல் நீளம்

சாவியக் கேக்காதே தம்பி. தர மாட்டேன். ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, சரி. ஓடுறதெல்லாம் நல்ல வண்டியா?

மூணு கடையில பார்த்தாச்சா. என்னத்தப் பார்த்தாங்க? ஒருத்தன் ஸ்பார்க் பிளக்க மாத்துனான். ஒருத்தன் பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டரக் கழுவுனான். மூணாமவன்? பெட்ரோல் பிரஷரப் பார்த்துட்டு எல்லாம் சரின்னுட்டானா. எப்படிப் பார்த்தான், டேங்கத் தூக்கி வச்சா? ம்.

இப்ப கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. தெருவுல மெதுவா போனா ஒண்ணுமில்லை. மேட்டுல முறுக்குனா, இல்ல முன்னால போறவன முந்தலாம்னு முறுக்குனா, ஒரு விக்கு விக்கி அப்படியே தொங்கிடுது. அதானே? தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதே. டார்ச்சப் பிடி.

நாளைக்கு மலை ஏறணுமா. சம்சாரம் பின்னால, கைக்குழந்தை வேற. இந்த வண்டியில. நல்லா இருக்குடா உன் தைரியம். மூஞ்சியத் தூக்காம டார்ச்ச நேரா பிடி.

இது பிரஷர் கேஜ். பம்புலருந்து இன்ஜெக்டருக்குப் போற ரப்பர் ஹோஸுக்கு நடுவுல மாட்டியிருக்கேன். சாவியப் போடுறேன். டேங்குக்குள்ள உய்னு ஒரு சத்தம் கேக்குதா? பம்பு அது. முள்ளு எங்க நிக்குது? மூணு. மூணுதான் வேணும். ஸ்டார்ட் பண்றேன். முறுக்குறேன். அசையுதா? அசையலை. சிரிக்காதே, உன் மூணாமவன் இதோட கைய கழுவியிருப்பான்.

டேங்கு எப்படி நிக்குது பாரு. அடியில கட்டை முட்டுக் குடுத்து அண்ணாந்து நிக்குது. நீ டேங்கத் தூக்கிக்கிட்டா வண்டி ஓட்டுறே? கட்டைய எடுக்குறேன். விரல எடு, நசுங்கும். உக்காந்துச்சு. போல்ட்டும் போட்டாச்சு. இப்ப முறுக்குறேன். என்னப் பார்க்காதே, முள்ளப் பாரு.

ரெண்டரை. ரெண்டு. ஒண்ணரை. போதுமா?

ஹோஸு மடங்குது. டேங்கத் தூக்குனா நேரா நிக்கும், இறக்குனா முழங்கை மாதிரி மடிஞ்சுக்கும். மெதுவா போறப்ப அந்த இடுக்குல வர்றது போதும். முறுக்குனா பத்தாது. ஹோஸ எப்ப மாத்துனது? ஆறு மாசமா. ரெண்டு விரல் நீளம் கூட வச்சிருக்கான். கூட இருந்தா நல்லதுதானேன்னு வச்சிருப்பான். ஏய், அவனத் திட்டாதே. நல்லா நினைச்சுத்தான் வச்சிருப்பான். திட்டாதேன்னேன்ல.

புதுசு அந்த டப்பாவுல இருக்கு, எடு. இது கம்பெனி ஹோஸு, வளைஞ்சே வரும். மடங்காது.

என்ன சத்தமா? தையல் மெஷின். வாசல்ல என் சம்சாரம் சீட் கவர் தைக்கிறா. நின்னுடுச்சா? இரு. கொஞ்சம் இரு... ம், ஓடுது.

நானும் அப்படி ஒண்ணு மாட்டினேன். ஒன்பது வருஷம் ஆச்சு. என் பையன் வண்டி. கம்பெனி ஹோஸு கையில இல்லை, இருந்தத வெட்டி மாட்டினேன். இதே ரெண்டு விரல்.

மூணு தடவ வந்து சொன்னான். அப்பா, முறுக்குனா விக்குதுப்பான்னு. மூணு தடவையும் டேங்கத் தூக்கி வச்சு கேஜ மாட்டினேன். முள்ளு மூணுலயே நின்னுச்சு. முப்பது வருஷம் ஸ்பேனர் பிடிச்ச கை, கேஜ் வேற சொல்லுது, எவன் சொல்லி எவன் கேக்குறது. வண்டிக்கு ஒண்ணுமில்லடா, உனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னேன். கடையில நாலு பேர் இருந்தாங்க. சிரிச்சாங்க. அவனும் கூடச் சேர்ந்து சிரிச்சான்.

மறுநாள் ஒரு லாரிய முந்தப் போனான். எதிர்ல பஸ்ஸு. பார்த்தவங்க எல்லாம் வேகம்னாங்க. போலீஸ்ல எழுதுனவங்களும் வேகம்னு எழுதுனாங்க.

வண்டி திரும்பி வந்துச்சு. முன்பக்கம்தான் போயிருந்துச்சு, டேங்கு இருந்த இடத்துல அப்படியே இருந்துச்சு. ஷட்டர இறக்கிட்டு, டேங்கத் தூக்காம, ஓரமா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நீ பிடிச்சிருக்கியே, அதே டார்ச்சுதான்.

டார்ச்ச நேரா பிடி.

மாட்டியாச்சு. டேங்கு இறங்கியாச்சு. நீயே முறுக்கு. இன்னும். மூணுல நிக்குதா? நல்லா பார்த்துச் சொல்லு. சரி. இந்தா சாவி.

போறப்ப வாசல்ல என் சம்சாரம் உன்ன நிறுத்துவா. மெதுவா போப்பா, எங்க பையன் வேகமா போய்த்தான் போயிட்டான்னு சொல்லுவா. வண்டி எடுக்குற எல்லாருகிட்டயும் சொல்லுவா. நீ ஒண்ணும் பேசாதே, தலைய மட்டும் ஆட்டு.

நானும் அதத்தான் பண்ணிக்கிட்டு இருக்கேன்.