மாடி வீட்டுக்குக் குடித்தனம்

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். "வாடகைக்கு விடறதுக்கு முன்னாடி நீயே அங்க ஒரு நாள் துணி துவைச்சுப் பாரு" என்றார் மூத்தவர். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

மூத்தவர் ஏற்கெனவே வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவளின் கணவர் துபாயில் இருந்தார். தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மேலே அவர்கள் எழுப்பிய மாடி அந்த வாரம்தான் முடிந்திருந்தது.

"எதுக்கு லாத்தா துவைக்கணும்?" மூத்தவரை அவள் அக்கா முறை வைத்து 'லாத்தா' என்றே அழைத்தாள்.

"மேல தண்ணி ஏறுதா, கொடி கட்ட இடமிருக்கா, வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு அப்பதான் தெரியும். குடி வர்றவ அதையெல்லாம் கேப்பால்ல?"

"தண்ணி நல்லா ஏறுது லாத்தா. நேத்து தரை கழுவினேன். பின்பக்க ஜன்னலைத் திறந்தா வயல் பூரா தெரியுது. என்னா காத்துங்கறீங்க! அடுப்பு மேடையை என் உசரத்துக்குத்தான் போடச் சொன்னேன்."

"அப்ப வாடகை கொஞ்சம் கொறைஞ்சாலும் பரவாயில்ல. வீட்டைத் தன் வீடு மாதிரி வச்சுக்கறவளாப் பார்த்து விடு."

 இளையவள் சட்டென்று மூத்தவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நானே மேல போயிடறேன் லாத்தா! கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுடறேன்!"

"அடிப் போடி! இதை மொதல்ல துபாய்ல இருக்கற உன் மாப்பிள்ளைகிட்ட சொல்லு" என்று மூத்தவர் சிரித்தார்.

திருவிடைமருதூரில் பேருந்து நிற்பதற்குள் இளையவள் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள்.

"எங்கம்மா போறீங்க, இவ்வளவு அவசரமா?" என்றார் நடத்துநர்.

"துபாய்க்குங்க!" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. தொலைபேசி பூத்தை நோக்கி ஓடினாள்.