காலிச் சட்டி

திருவொற்றியூரில் ஏறிய இரண்டு பெண்கள் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவரின் மடியில் ஒரு காலி அலுமினியச் சட்டி.

"இன்னாக்கா, தண்ணி ஆபீசுக்கு சட்டியத் தூக்கிகினு வர்ற?"

"இதுல நம்ம போர் தண்ணி கீது."

"காலியால்ல கீது?"

"உள்ள வெள்ளையா ஒட்டிகினு கீது பாரு. அன்னிக்கு பாட்டில்ல எடுத்துகினு போனா, 'கண்ணாடி மாரி கீதும்மா, வேணும்னா துணில வடிகட்டிக் குடி'ன்னான் அந்த ஆபீசரு. கரைஞ்ச உப்பு கண்ணுக்குத் தெரியுமா? தண்ணியோடவே துணிலயும் பூந்து வந்துடும். நேத்து அடுப்புல வச்சிட்டு மறந்துட்டேன். தண்ணி ஆவியா பூட்ச்சு, உப்பு மாட்டிகிச்சு."

"இதயும் பாக்க மாட்டேன்னா?"

மூத்தவர் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாக்க வேணாம். நக்கட்டும்."