இடைவெளியில் கேட்ட மூன்று வெடி

ஓடுகிறேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓடுகிறேன். மலை மேலிருந்து சுடுகிறார்கள். தலைக்கு மேல் விஸ் என்று போகிறது. பிறகுதான் டப் என்று கேட்கிறது. மரங்களில் கட்டிய பால் சிரட்டைகள் உடைந்து தெறிக்கின்றன.

"கானுக்குள்ள எறங்குங்க! குனிங்க!"

என் மனைவி செல்லம்மா எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று கத்துகிறாள். தண்ணீர் ஓடும் கான் பள்ளத்தில் விழுந்தேன். முகத்தைச் சேற்றில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

எண்பத்தொன்பதாம் வருடம். மாத்தளையில் எங்கள் தோட்டம். சிங்களப் பையன்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த காலம். ஆர்மி அவர்களைத் தேடி வந்தது. நாங்கள் தோட்டத்துத் தமிழர்கள். இரண்டு பக்கத்துக்கும் பயந்தோம்.

வெடி ஓய்ந்தது. மேலே இருந்த மூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மூவரும் முன்பு ஆர்மியில் கமாண்டோக்கள். அதை விட்டு ஓடிக் காட்டுப் பையன்களோடு சேர்ந்தவர்கள். துவக்குகளைக் கீழே வைத்தார்கள். யாரும் சொல்லாமலே மண்டி போட்டார்கள்.

பிடித்தவர்களில் ஒரு சிப்பாய்க்கு அவர்களில் ஒருவனைத் தெரியும். ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். "பயிற்சியிலயும் நீ கடைசியாத்தானே ஓடி வருவ" என்று சிங்களத்தில் கிண்டல் செய்தான். பிடிபட்டவன் சிரித்தான். அவன் பெயர் சுனில். காலில் காயம்.

செல்லம்மா பிளேன்டீ கொடுத்தாள். ஆர்மி ஆபீசர் தடுக்கவில்லை. சுனில் குடித்தான். தன் அம்மா மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ரோட்டோரம் சோளம் அவித்து விற்கிறாள் என்றான். தன்னைக் கேம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவளிடம் போய்ச் சொல்லும்படி என்னிடம் கேட்டான். கேம்புக்குத்தான் போகிறோம் என்று நம்பினான். நானும் நம்பினேன்.

ஆபீசர் வயர்லெஸ் செட்டில் பேசினார். செட்டுக்குள் ஒரு குரல். கரகரப்பு. எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கீழே கொண்டு வர வேண்டாம் என்றது குரல். சரணடைந்தவர்கள், ஒருவனுக்குக் காயம் என்றார் ஆபீசர். அங்கேயே முடி என்றது குரல்.

"சரி சேர்" என்றார் ஆபீசர்.

பிறகு மேளம் அடிக்கிறவன் யார் என்று கேட்டார். தோட்டத்துக் கங்காணி என்னைக் காட்டினார். காலையில் வேலைக்கு ஆள் கூட்டத் தப்பு மேளம் அடிப்பது நான். திருவிழாவுக்கும் சாவுக்கும் நான்தான். வெடிச் சத்தம் லயத்துக்குக் கேட்கக் கூடாது, விடாமல் அடி என்றார்.

சூடு காட்டாமல் தோல் பேசாது. சருகு கூட்டி நெருப்பு மூட்டினேன். காட்டினேன். திருப்பிக் காட்டினேன். கீழ் ரோட்டைப் பார்த்தேன். ஒரு ஜீப் வராதா. அந்தக் குரலுக்கு மேலே ஒருவர் அதில் வரமாட்டாரா. தோல் கருகும் வாசம் வந்தது. ஆபீசர் போதும் என்றார்.

கங்காணி என் பக்கத்தில் வந்தார்.

"மருதை, திருவிழா அடி அடிச்சிரு. புள்ளகுட்டிக்காரன்யா நீ."

திருவிழா அடியில் இடைவெளி கிடையாது. சாவு அடியில் உண்டு. ஆபீசருக்கு அது தெரியாது. மூன்று அடி. ஒரு மூச்சு. மூன்று அடி. ஒரு மூச்சு.

சாவு அடியை அடித்தேன்.

மூவரையும் ரப்பர் உலர்த்தும் புகைவீட்டுக்குப் பின்னால் நடத்திப் போனார்கள். சுனில் நொண்டி நொண்டிப் போனான். ஒரு முறை திரும்பிப் பார்த்தான். கிண்டல் செய்த சிப்பாய் தலையைக் குனிந்துகொண்டான்.

லயத்துக் கதவுகள் திறந்தன. சாவு அடி கேட்டால் எங்கள் ஆட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். அன்று ஊரடங்குச் சட்டம் இருந்தும் வந்தார்கள். யார் செத்தது என்று கேட்டபடி வந்தார்கள்.

மூன்று அடி. மூச்சு. டப்.

மூன்று அடி. மூச்சு. டப்.

மூன்றாவது வெடி தாமதமாக வந்தது. அதற்குள் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். எல்லோருக்கும் கேட்டது. பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள்.

ஒருவன் துவக்குப் பிடியால் என் இடது காதில் அடித்தான். ஆபீசர் தப்பைச் சப்பாத்தால் மிதித்துக் கிழித்தார். உடல்களை லொறியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டு போனார்கள், இன்றுவரை தெரியாது.

காதுப் புண் ஆறியதும் நாலந்தா போனேன். சோளப்பானைக்குப் பின்னால் அந்த அம்மா இருந்தாள். சொன்னேன். வெகு நேரம் பானையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சிங்களத்தில் கேட்டாள்.

"அழுறதுக்கு அங்க யாராவது இருந்தாங்களா?"

"லயமே வந்து நின்னுச்சும்மா" என்றேன்.

சில வருடங்கள் கழித்து டவுனில் விசாரணை வைத்தார்கள். அந்தத் தோட்டத்தில் யாரையும் உயிரோடு பிடிக்கவில்லை, சண்டையில் செத்தார்கள் என்று ஆபீசர் சொன்னார். மண்டி போட்டிருந்தார்கள், பிளேன்டீ குடித்தார்கள் என்று நான் சொன்னேன். லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து மூன்று வெடி என்றார்கள். யார் கட்டளை போட்டது என்று விசாரித்தவர்கள் கேட்டார்கள். செட்டில் வந்த குரல் என்றேன். குரலுக்கு உரியவரை யாரும் கூப்பிடவில்லை. ஆபீசர் வீட்டுக்குப் போனார்.

நாலந்தா அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

போனது இவ்வளவு. மூன்று பேர். மூன்று உடலும் கிடைக்கவில்லை. என் இடது காது. ஒரு தப்பு. மகனைப் புதைக்காமலே போன ஒரு தாய்.

மற்ற இருவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர்களைப் பெற்றவர்கள் எங்காவது இருந்தால் யாராவது இதை வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அடித்தேன்.