எண்பதாம் பக்கத்துப் பையன்

மேடையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எழுத்தாளர் பேரவைத் தலைவர் பக்கிரி அவர்களே, முன்வரிசையில் கண் வீங்கி உட்கார்ந்திருக்கும் இன்னாசிமேரி அக்கா, உறவினர்களே, நண்பர்களே! வெண்மதி டீச்சர் நன்றாகப் பேசுவாள் என்று என்னை அழைத்தீர்கள். இன்று நான் நன்றாகப் பேசப் போவதில்லை.

நம்மை விட்டுப் போய்விட்ட நாவலாசிரியர் தைரியராஜ் ஐயா! என்னோடு ஒரே பள்ளியில் தமிழ் நடத்தியவர். பையன்கள் பரீட்சைத் தாளில் கிறுக்கியதைக்கூடக் கடைசி வரி வரை படித்து, "இவன் சொந்தமா ஒண்ணு சொல்றான் டீச்சர்" என்று மார்க் போட்டவர். அப்படிப் படித்த மனிதரை நாம் எப்படிப் படித்தோம்?

வாசலில் ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறீர்கள். "காலத்தை வென்ற காவியம் தந்தவர்!" வாட்ஸ்அப்பில் எத்தனை கைகூப்பு, எத்தனை கண்ணீர்ப் பொம்மை! எனக்குக் குமட்டுகிறது. ஆம், குமட்டுகிறது!

போன ஆண்டு சிதம்பரத்தில் அவர் நாவல் வெளியானது. தேவனாம்பட்டினத்தில் சுனாமி வந்த நாளைப் பற்றிய கதை. எண்பதாம் பக்கத்தில் தில்லையம்மாள் என்ற தாய் மகனைத் தேடிக் கரையில் ஓடுகிறாள். அதற்கு எதிர்ப்புறத்தில் தொண்ணூற்றேழாம் பக்கம். அங்கே அவள் ஒரு கல்யாண வீட்டில் வடை தட்டிக்கொண்டிருக்கிறாள்! பைண்டிங்கில் நடுவிலிருந்த பதினாறு பக்கம் விட்டுப்போயிற்று. ஒரு பிரதியில் மட்டுமல்ல, எல்லாப் பிரதியிலும்.

படித்துவிட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். "சார், அந்தப் பையன் கெடச்சானா?" என்றேன். சிரித்தார், உடனே கண் கலங்கிவிட்டது. விடுபட்ட பக்கங்களை அச்சகம் தனியாக அடித்துக் கொடுத்திருந்தது, கட்டுப் பிரிக்காமல் பீரோமேல் கிடந்தது.

"ஏன் சார் யாருக்கும் குடுக்கல?"

"இருங்க டீச்சர். எங்க வூட்டு ஆளுங்க, கூட்டாளிங்க, யாராச்சும் ஒருத்தர் வந்து கேக்கட்டும். வெளியாளு பாராட்டுனா சந்தோஷந்தான். நம்ம ஆளு கேட்டாத்தான் எழுதுனது அவுங்ககிட்ட போய்ச் சேந்துதுன்னு நம்புவேன்."

காத்திருந்தார். கேட்டீர்களா? தலைவர் பக்கிரி, "ஒரே மூச்சில் படித்தேன்" என்று முகநூலில் எழுதினார். மைத்துனர் ஆரோக்கிய ஜெகன் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, "விறுவிறுப்பு குறையவே இல்லை" என்றார். விறுவிறுப்பாம்! ஒரு பிள்ளை தண்ணீரோடு போனானா, பிழைத்தானா என்று கேட்கத் தோன்றாத விறுவிறுப்பு! இதற்கு "நான் படிக்கவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே? அதிலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

எழுந்து போகாதீர்கள் ஜெகன். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நானும் நின்றேன். "புத்தகம் சூப்பரு மாமா" என்றீர்கள். "எந்த எடம் புடிச்சுது மச்சான்?" என்று ஆசையாகக் கேட்டார். "எல்லா எடமுந்தான் மாமா!" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் கையில் போன் இருந்தது.

நேற்று ஜெபம் முடிந்ததும் அவர் மனைவி இன்னாசிமேரி அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். இடுப்பில் அந்தப் புத்தகம். "கூடவேதான இருக்காரு, மெதுவா படிச்சிக்கலாம்னு இருந்துட்டேன் டீச்சர். ராத்திரிதான் எடுத்தேன். அந்தப் புள்ள கெடச்சானா?"

பீரோமேல் கிடந்த கட்டை இறக்கிப் பிரித்தேன்.

அன்பர்களே, நினைவு விருது வேண்டாம், சிலை வேண்டாம். அந்தக் கட்டு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். தில்லையம்மாள் மகனின் பெயரை நான் வேண்டுமென்றேதான் இங்கே சொல்லவில்லை. எண்பது பக்கமும் படித்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லி, கிடைத்தானா என்று கேளுங்கள். மீதியைத் தருகிறேன். இதுதான் அவருக்கு நான் செய்யும் சத்தியம்.

அந்தப் பதினாறு பக்கத்தின் முதல் பிரதியை நேற்றே அக்கா வாங்கிக்கொண்டார். அவர் கேட்ட கேள்விக்காக ஒரு வருடம் காத்திருந்த மனிதர்தான் இல்லை.