முடிவு வரிக்குக் கீழே

நேரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றதும் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு வெளியே போனீர்கள். நன்றி, இன்ஸ்பெக்டர்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மலைமேல் ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே ஃபிலிமில் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே படங்களைப் பார்த்துச் சொல்ல எங்கள் மருத்துவமனையில்தான் டாக்டர் உண்டு. நடுவில் இருக்கும் பழைய இணைப்பு எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே கடத்தும். ஃபிலிமை ஸ்கேன் செய்த படக் கோப்பை அப்படியே அனுப்பினால் பாதி வழியில் உதிர்ந்துபோகும். அதனால் மூன்று பைட்டுகளுக்கு நான்கு எழுத்து என்று மாற்றி, வரிவரியாக ஏழு மின்மடல்களில் அனுப்புவார்கள். நான் அவற்றை வரிசையாகச் சேர்த்து, வழியில் எதுவும் மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, திரும்பப் படமாக்கி டாக்டரிடம் கொடுப்பேன். எண் ஒத்துவருகிறதா என்று பார்ப்பவள் நான் ஒருத்திதான்.

அங்கிருந்து அனுப்பியவள் என் அக்கா. அந்தக் கிளினிக்கின் ஒரே நர்ஸ்.

கோப்பு முடிந்தது என்று சொல்லும் வரிக்குக் கீழே என்ன இருந்தாலும் கணினி பொருட்படுத்தாது. அக்கா எனக்கு எழுதுவது அங்கேதான். "ஊமைக்கோட்டான், இன்னிக்காவது டாக்டருக்கு வணக்கம் சொன்னியா, இல்ல வழக்கம்போல சுவத்துக்குச் சொன்னியா?" படம் வந்து சேர்ந்தது என்று அனுப்பும் ஒப்புகை மடலின் அடியில் நான் பதில் எழுதுவேன். ஃபோனில் எனக்குப் பேச வராது. அம்மா போன பிறகு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டது அந்த வரிகள் மட்டும்தான்.

ஒருநாள் எழுதியிருந்தாள்: "கடல் தாண்டி வேலை கிடைச்சிருக்குடி. படம் சுத்தம்னு டாக்டர் கையெழுத்துப் போட்டா அடுத்த மாசம் கிளம்பிடுவேன். இது என் படம்தான். உன் அக்காவுக்கு நெஞ்சுல ஈரம் இருக்கான்னு பாத்துச் சொல்லு."

படம் சுத்தமாக இருந்தது.

எங்கள் படங்கள் எல்லாம் ஒரே அளவு, சுருக்கப்படாதவை. எழுத்தில் எத்தனையாவது வரி என்று தெரிந்தால், படத்தில் அது எந்த இடம் என்று கணக்கிட்டுவிடலாம். அக்காவின் உடல்வாகுள்ள ஒரு பெண்ணின் பழைய படத்தில், வலது நுரையீரலின் மேற்பக்கம் காசநோய்த் திட்டு இருந்தது. அந்த வரிகளை எடுத்து அக்காவின் வரிகள் இருந்த இடத்தில் வைத்தேன். விளிம்பு லேசாகப் பிசிறியது.

"உடைஞ்சு வந்திருக்கு போலயே. திரும்ப அனுப்பச் சொல்லும்மா" என்றார் டாக்டர்.

"ரெண்டாவது தடவையும் இப்படியேதான் வந்துச்சு சார்."

அவரிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாக இருக்கும்.

இருமல் இல்லை, சளியில் கிருமி இல்லை. ஆனாலும் படத்தில் இருக்கிறதே என்று ஆறு மாத மாத்திரை எழுதினார். அதற்குள் அந்த வேலைக்கு வேறு ஆள் போய்விடும். அவ்வளவுதான் என் கணக்கு.

அக்கா இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள், "போகட்டும் கழுதை, இன்னும் கொஞ்ச நாள் உன்னைத் திட்டணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்று வந்தது. அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாம் வாரம் வாந்தி என்றாள். ஏழாம் வாரம், "சோத்தைப் பாத்தாலே குமட்டுது. கண்ணு மஞ்சளா இருக்கு. மாத்திரையை நிறுத்தலாமான்னு டாக்டரைக் கேட்டுச் சொல்லு" என்று எழுதினாள். கேட்டால் புதுப் படம் எடுக்கச் சொல்வார். நான் கேட்கவில்லை. "விடாம போடுக்கா" என்று மட்டும் எழுதினேன். மாத்திரை ஈரலைக் கெடுக்கிறது என்று நர்ஸான அவளுக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் நான் டாக்டரைக் கேட்டுத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

ஒன்பதாம் வாரம் ஈரல் செயலிழந்தது. மலையிலிருந்து கீழே கொண்டுவரும் வழியில், வண்டியிலேயே இறந்துபோனாள். அவள் மேசையில் இருந்த ஃபிலிமும் எங்களிடம் இருந்த படமும் ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். ஆமாம், ஒத்துப்போகாது. மாற்றியது நான்தான்.

கடைசியாக அவள் எழுதியதைக் கேட்டீர்கள். இதுதான்: "என் ஃபிலிமை ஜன்னல்ல வச்சு நானும் பாத்தேன்டி. எனக்கு ஒண்ணும் தெரியலை. டாக்டர் கண்ணுக்குத்தான் தெரியும்போல. நீ பாத்தியா? நிஜமாவே திட்டு இருக்கா?"

"டாக்டருக்குக் கொடுத்த படத்துல இருக்குக்கா. நானே பாத்தேன்" என்று பதில் எழுதினேன்.

மற்றதையெல்லாம் உங்கள் இஷ்டம்போல் எழுதிக்கொள்ளுங்கள். இதை மட்டும் சேர்த்துவிடுங்கள்: அக்காவிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.