முயலுக்காக மாட்டுக்கண் சுமந்த உமையம்மாளுக்கு

கருணையைக் கண்ணிலும் கண்டிப்பைக் கையிலும் கொண்டு காலமெல்லாம் எங்களைக் காத்தவரே! பாறசாலைப் பேருந்தில் பத்து நிமிடம் முன்னதாகவே வந்திறங்கி, பூட்டிய கதவின் முன் புன்னகையோடு நின்று, சாவிக்காரர் மோகனனைப் பலமுறை தலைகுனிய வைத்த பண்பாளரே! முப்பத்துமூன்று ஆண்டு முயலறையில் உழைத்து, முதுகு வளைந்தும் முறை வளையாத மூத்தவரே! எங்கள் முதுநிலை ஆய்வாளர் திருமதி உமையம்மாள் அவர்களே! உங்களுக்கு எங்கள் வணக்கம்.

நிர்வாகத்தின் மடலை மலையாளத்தில் வாசித்து முடித்துவிட்டார்கள். நேரம் தவறாமை, விடுப்பு எடுக்காமை எல்லாம் அதில் வந்துவிட்டன. பொன்னாடையும் போர்த்தியாயிற்று. இது பணியாளர்களாகிய நாங்கள் தமிழில் எழுதிய மடல். மேலே நாலு வரி உங்கள் முகத்தைப் பார்த்துப் பாடிவிட்டோம். இனிமேல் சொல்லப்போவதை முகம் பார்த்துச் சொல்ல எங்களுக்கு வாய் எழவில்லை. ஆகவே உமையம்மாள் என்று ஒருவர் இருந்தார் என்று அவையோருக்குக் கதையாகச் சொல்கிறோம். நீங்களும் அப்படியே கேட்டுக்கொண்டிருங்கள்.

அவையோரே! ரப்பர்ப் பால் பாத்திரம் கழுவும் திரவம், வாழைக்குத் தெளிக்கும் மருந்து, தரை துடைக்கும் நீர் என்று என்னென்னவோ இந்த ஆய்வுக்கூடத்துக்குச் சோதனைக்கு வரும். அது மனிதக் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று அறிய, முயலின் கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள். பிறகு நாள்கணக்கில் அந்தக் கண் சிவக்கிறதா, வெளுக்கிறதா, கெட்டுப்போகிறதா என்று பார்த்து எழுதுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உமையம்மாள் கையில் அந்தச் சொட்டுக்குழாயைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் முயலின் காதை நீவி, “பொறுத்துக்கோ மக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் சொட்டு விடுவார். முயல் பொறுத்துக்கொண்டதோ இல்லையோ, அவருக்குப் பொறுக்கவே இல்லை. ஓய்வு பெறும் முன் இந்த முயலறையைப் பூட்டிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. வேறெதையும் அவர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

வழி ஒன்று அவருக்குக் கிடைத்தது. இறைச்சிக்காக அறுத்த மாட்டின் கண் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. அன்றைக்கே அதை எடுத்துவந்து, முன்புறத்துத் தெளிந்த படலத்தைப் பிரித்து, கண்ணாடி பதித்த உலோக வளையத்தில் பூட்டி, அதன்மேல் திரவத்தை விட்டுப் பார்க்கலாம். படலம் எவ்வளவு மங்குகிறது என்பதை ஒளிமானி சொல்லிவிடும். உயிருள்ள ஒன்றுக்கும் வலிக்காது. வெளிநாட்டில் எப்போதோ ஒப்புக்கொண்ட முறை. இங்கே செய்து காட்டத்தான் ஆள் இல்லை.

ஆனால் உமையம்மாள் யார்? பரம்பரைச் சைவக் குடும்பம். முட்டை விற்கிற கடையில் உப்பு வாங்கவும் யோசிக்கிற வீடு! அவர்தான் விடியும்முன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அறுப்புக்கூடத்தில் போய் நின்றார். அறுக்கிற செல்லையன் திகைத்துப்போனார்.

“பிள்ளைமாரு வீட்டு அம்மா வந்து மாட்டுக் கண்ணு கேக்கியளே, என்ன காரியம்?”

“கறிக்கு இல்ல அண்ணே. முயலுக்கு வேண்டி ஆக்கும்.”

“முயலு மாட்டுக் கண்ணு தின்னுமா?”

அதைக் கேட்டுச் சிரித்த உமையம்மாள், எங்களிடம் வந்து சொல்லியும் சிரித்தார். அதற்குப்பின் இரண்டு ஆண்டு வாரம் மூன்று நாள், பனிக்கட்டி அடைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தார். காரோடு ஊரில் ஏறும் மீன்காரப் பெண்கள் “பெட்டியில என்ன மீனு உண்டு?” என்று கேட்டால் “மருந்து” என்பார். அவருடைய கணவர் நெல்லையப்பன் முதல் வாரம் பேசவே இல்லை. இரண்டாம் வாரம், “நல்லா குளிச்சிட்டு அடுக்களையில கேறுனா போதும்” என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைக்கே உமையம்மாள் அன்று முழுவதும் பூரித்துக்கிடந்தார். பழைய பதிவேடுகளில் முயல் மூலம் முடிவு கண்ட நாற்பது திரவங்களை மாட்டுக்கண்ணில் மறுபடி பார்த்தார். முப்பத்தேழில் முடிவு ஒத்துப்போயிற்று.

அதைப் பார்த்து ஒரு நிறுவனம் முன்வந்தது. தங்கள் புதிய கழுவுதிரவத்தை இந்த முறையில் மட்டும் சோதியுங்கள், சரியாக வந்தால் இனி முயலே வேண்டாம் என்றது. இயக்குநரும், அப்படியானால் முயலறையைப் பூட்டிவிடலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். எட்டு ஆண்டுகளுக்கு முன், நவராத்திரிக் காலம் அது. நல்ல காரியத்தை விஜயதசமியன்று தொடங்குவோம் என்று நாள் குறித்தவர் உமையம்மாள்தான்.

நம் வழக்கப்படி அஷ்டமி மாலையே கருவிகளைப் பூஜைக்கு வைத்தோம். விளக்குக்கு முன்னால் ஒளிமானியும் மூன்று வளையங்களும் வைக்க இடம் இருந்தது. மீதி மூன்று வளையங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. முயல்களைப் பராமரிக்கும் ராஜதாஸ் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

“கண்ணாடியில தொடப்பிடாது, கேட்டியா?” என்றார் உமையம்மாள்.

“இல்ல அக்கா, விளிம்புல மட்டும் ஒரு பொட்டு. அதுக்கும் கண்ணுபடாம இருக்கணும்லா?”

விஜயதசமி காலையில் ஆய்வு உதவியாளர் அஜிஷா வளையங்களைக் கழுவினார். மேலே கழுவினார், விளிம்புக்கு அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. வெதுவெதுப்பான உப்புநீரில் மணிக்கணக்கில் ஊறிய பின் அந்தச் சந்தனம் கரைந்து கண்ணாடியில் ஒரு மெல்லிய படலமாகப் படிந்தது. நிறுவனத்தின் திரவம் விட்டது அந்த மூன்று வளையங்களில்தான். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் நீர் விட்டது பெட்டியில் இருந்த மற்ற மூன்றில். கண்ணைக் கடுமையாகக் கெடுக்கும் என்று ஒளிமானி சொன்னது. உமையம்மாள் நம்பிக் கையெழுத்திட்டார். இரண்டு வாரம் கழித்து நிறுவனம் வேறிடத்தில் மூன்று முயல்களின் கண்ணில் விட்டுப் பார்த்த முடிவு வந்தது. ஒரு முயலுக்குக்கூடக் கண் சிவக்கவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் அவரை நிற்க வைத்துக் கேட்டார்கள். யார் செய்த தவறு என்று கேட்டார்கள். “என் கையாக்கும், என் கண்ணாக்கும். வேற யாரும் இல்ல” என்றார் உமையம்மாள். மறுநாளே நெய்யாற்றின்கரைக்குப் போய்க் கண் மருத்துவரைப் பார்த்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னதை இவர் நம்பவில்லை. இன்னொரு முறை செய்து பார்க்கட்டுமா என்று கேட்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. பனிக்கட்டிப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார். முயலறைக்குத் திரும்பி வந்து சொட்டுக்குழாயை எடுத்தார். “பொறுத்துக்கோ மக்கா” என்று சொல்வதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டார்.

கதை இவ்வளவுதான் என்று அவையோர் நினைப்பீர்கள். உமையம்மாளும் இன்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தார்.

அக்கா! இனி உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். அந்தக் கூட்டத்துக்கு மறுநாள், வளையங்களைக் கட்டிவைக்கப் பிரித்தபோது அஜிஷா அந்த மஞ்சள் படலத்தைக் கண்டார். மோந்து பார்த்தார், சந்தனம். ராஜதாஸிடம் காட்டினார். அவர் முயலறைக் கதவைச் சாத்தினார். “கொச்சே, சொன்னா என் வேல போவும். உனக்கும் போவும்” என்று அழுதார். இருவருமே அப்போது ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டிய மாதம். அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தார்கள். அடுத்த மாதம் எங்கள் எல்லோர் காதுக்கும் எட்டியது. நாங்களும் அடுத்த மாதம் என்றோம். எட்டு ஆண்டு போய்விட்டது. தினமும் உங்களோடு ஒரே மேசையில் சோறு தின்றோம், அக்கா!

உங்கள் கை நடுங்கவில்லை. உங்கள் கண் தவறவில்லை. உங்கள் முறை சரியானது. அன்றைக்கு முயல்களின் காது எண் ஆயிரத்து இருநூற்றுப் பதினாறில் நின்றது. கடைசியாக உங்கள் கைக்கு வந்த முயலுக்கு ராஜதாஸ் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று என்று எண் குத்தியிருந்தார். இடையில் வந்த அறுநூற்று ஐம்பத்தைந்து முயல்களும் நாங்கள் வாய் மூடியிருந்ததற்குப் பலியானவை. உங்களைக் கொண்டே அவற்றின் கண்ணில் சொட்டு விட வைத்தோம்.

இந்த மடலின் படி ஒன்றை இன்று காலை இயக்குநர் மேசையில் வைத்தோம். படித்துவிட்டு, “அவங்க போயாச்சே, இனி யாரு செய்ய?” என்றார். ஒளிமானி சென்ற ஆண்டே பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்கடைக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை ஆறு முயல்களுக்கு முறை. நீங்கள் இல்லாததால் சொட்டுக்குழாய் இனி அஜிஷாவின் கைக்கு வருகிறது. செல்லையன் மட்டும் சந்தையில் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மா ஏன் வருவதில்லை என்று கேட்கிறார். அவருக்கும் நாங்கள் பதில் சொன்னதில்லை.

நோயற்ற வாழ்வும் குறையற்ற செல்வமும் கூடி, நெல்லையப்பன் ஐயாவோடு நெடுங்காலம் நீங்கள் நிறைந்து வாழ வேண்டும் என்று வேண்டுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை. வழக்கம்போல இந்த மடலுக்கும் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். பிடிக்காவிட்டால் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். முயலறைக் கதவில் நாங்களே அதை மாட்டிவைக்கிறோம்.

இங்ஙனம்,

சந்தனம் வைத்த ராஜதாஸ்
கண்டு மறைத்த அஜிஷா
தெரிந்தும் உங்களோடு சோறு தின்ற மோகனனும் மற்றப் பணியாளர் அனைவரும்