மிளாவுக்கு யார் விஷம் வைத்தது?

– விஷந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மகிமா டாக்டரம்மா. அதக் காட்டித்தேன் நான் ஊரைக் கூட்டணும்.

– முதல்ல உட்காருங்கம்மா. ரிசல்ட் வந்துருச்சு, அதச் சொல்லத்தான் தேனியில இருந்து வந்தேன். உங்க வெள்ளச்சிக்கு யாரும் விஷம் வைக்கல.

– நல்லாப் பாத்தீகளா? மார்கழியில செத்த மாடு. ரத்தம் எடுத்துட்டுப் போயி, மாசி பொறந்து வந்து இல்லைங்குறீக. ரெண்டு கண்ணும் சுண்ணாம்பு பூசுனாப்புல வெளுத்து, மூக்குல சளியா ஒழுகி, இந்தா, என் மடியிலதேன் தாயி தலைய வச்சு உசுர விட்டுச்சு. விஷம் இல்லாம அப்பிடி ஆகுமா?

– அந்தக் கண்ணப் பாத்துத்தாம்மா எங்களுக்கே சந்தேகம் வந்துச்சு. மேகமலை அடிவாரத்துல ஒரு மிளா மான் செத்துக் கிடந்துச்சு. அதுக்கும் கண்ணு அப்படியே வெளுத்துருந்துச்சு. லேப்ல பாத்தா ரெண்டு ரத்தத்துலயும் ஒரே வைரஸ். காட்டுல திரியிற மிளாவுக்கு யாரும்மா விஷம் வைப்பாங்க?

– மிளா கதை எனக்கெதுக்கு? வச்சவ இந்தச் சுவத்துக்கு அங்கிட்டு இருக்கா. ராமுத்தாயி, என் கொழுந்தன் பொண்டாட்டி. வாய்க்காத் தண்ணிக்கு என்கூட மல்லுக்கு நின்னா. 'ஒன் மாடு என் சோளத்துல இன்னொருக்க வாய் வைக்கட்டும், அப்பப் பாரு'ன்னா. சொன்ன வாரமே மாடு படுத்துருச்சு.

– கோவத்துல சொல்றதுதானேம்மா.

– நான் மட்டும் சும்மா விட்டேனாக்கும்! வெள்ளச்சியப் பொதச்ச கையோட அவ வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டேன். 'என் தொழுவு மாதிரி ஒன் தொழுவும் வெறிச்சோடிப் போகும்டி'ன்னு. குச்சனூர் கோயிலுக்குப் போயி, அவ மாடும் சாகணும்னு எள்ளு விளக்கும் போட்டுட்டு வந்தேன்.

– ஐயோ... சரிம்மா, ஒண்ணு கேக்குறேன், யோசிச்சுச் சொல்லுங்க. வெள்ளச்சி கூட ஆடு ஏதாவது கட்டியிருந்தீங்களா?

– நமக்கேது ஆடு? ஆங், ஒரு குட்டி கெடந்துச்சு. போன பங்குனியில எருவுக்குன்னு வயல்ல ஆட்டுக்கிடை போட்டோம். கிடைக்காரக கிளம்புற அன்னைக்கு ஒரு தாயாடு குட்டியப் போட்டுட்டுச் செத்துப்போச்சு. 'இது பொழைக்காது'ன்னு விட்டுட்டுப் போயிட்டாக. எனக்கு மனசு கேக்கல. தூக்கியாந்து வெள்ளச்சி மடியில விட்டேன். கேட்டுக்கங்க தாயி, சொந்தக் கன்னு மாதிரி நக்கிக் குடுத்துச்சு. ஒரே கூளம், ஒரே தண்ணித்தொட்டி. அது காலுக்குள்ளதேன் குட்டி படுத்துக் கெடக்கும்.

– அங்க இருந்துதாம்மா வந்துருக்கு. இந்த வைரஸ் ஆட்டுக்குள்ள சும்மா இருக்கும், ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணாது. மாட்டுக்கோ மானுக்கோ தொத்துச்சுன்னா மருந்து இல்ல, தடுப்பூசியும் இல்ல. இதத்தான் நாங்க ஆராய்ச்சி பண்றோம். அந்த மிளா செத்த இடத்துக்குப் பக்கத்துலயும் ஆட்டுக்கிடை போட்டிருந்தாங்க.

– என்ன சொல்றீக? நான் பால் குடுத்து வளத்த குட்டியா?

– உங்க மேல தப்பே இல்லம்மா. இது யாருக்குமே தெரியாதே.

– ஆத்தாடி... நாந்தேன கொண்டாந்து விட்டேன். 'குடி, குடி'ன்னு கழுத்தப் பிடிச்சு மடியில வச்சேனே. ஐயோ வெள்ளச்சி, ஒன்னைய நானே...

– அழாதீங்கம்மா. இங்க பாருங்க. அந்தக் குட்டி இப்ப எங்க? அத இனி எந்த மாட்டுப் பக்கமும் விடக் கூடாது. அதுக்குத்தான் அவசரமா வந்தேன்.

– வெள்ளச்சி போன பெறகு வெறும் முளைக்குச்சிகிட்ட நின்னு கத்திக்கிட்டே கெடந்துச்சு. பாக்கப் பொறுக்காம வெரட்டி விட்டேன். ராமுத்தாயிதேன் பிடிச்சுக்கிட்டுப் போனா. மாட்டையும் கொன்னு குட்டியையும் எடுத்துக்கிட்டாளேன்னு அதுக்கும் ஒருபாட்டம் வஞ்சேன்.

– அவங்க வீட்டுல மாடு இருக்கா?

– செவலை நிக்கிது. நெறசினை.

– குட்டிய அது கூடவா கட்டியிருக்காங்க?

– இருக்குறது ஒரே தொழுவுதேன் தாயி... நேத்துல இருந்து செவலைக்குக் கண்ணுல தண்ணியா வடியிது. தலையத் தொங்கப் போட்டு நிக்கிது. நான் சுவத்து மேல எட்டிப் பாத்தேன். எள்ளு விளக்கு வீண்போகலன்னு சிரிச்சேன். இந்த வாயாலதேன் சிரிச்சேன்.

– அம்மா, எங்க ஓடுறீங்க? இருங்க, நானும் வர்றேன்!

– ஏ ராமுத்தாயீ! கதவத் தொறடி! குட்டிய வெளிய பிடிச்சுக் கட்டுடி! விஷம் வச்சது நீயில்லடி, நாந்தேன்!